மெமரி ஃபுல் என்றால் எந்த மெமரி?

அம்மாவின் போன் ஆறேழு மாதமாகத் திணறிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பைத் தொட்டால் திறக்க அரை நிமிடம் ஆகும். யாராவது கூப்பிட்டால் மணி மட்டும் அடிக்கும். பெயர் திரையில் வருவதற்குள் எதிர்முனையில் வைத்துவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் காட்டினார். கடைக்காரத் தம்பி வாங்கிப் பார்த்துவிட்டு, "மெமரி ஃபுல் ஆயிருச்சுக்கா, ஒரு கார்டு போட்டா சரியாப் போகும்" என்றார். 64 ஜிபி கார்டு போட்டாயிற்று. மறுநாளும் அதே திணறல். சரி, நாமே ஒரு வைத்தியம் பார்ப்போம் என்று அம்மா உட்கார்ந்து அண்ணன் கல்யாணப் படங்களில் பாதியை அழித்தார். படங்கள் போனதுதான் மிச்சம்.

நான் அப்போது பி.சி.ஏ. முதல் ஆண்டு. "ரேம் என்பது தற்காலிக நினைவகம், மின்சாரம் நின்றால் அதில் உள்ளவை அழிந்துவிடும்" என்று இன்டர்னல் தேர்வில் எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியிருந்தேன். அந்த விடைக்கும் அம்மாவின் போனுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றுவதற்கு ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தில் எனக்கு விளங்கியதைக் கணினி படிக்காதவர்களுக்கும் புரியும்படி எழுதிப் பார்க்கிறேன்.

சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. கடையில் விற்கும் நகம் அளவு கார்டு மெமரி. போன் பெட்டியில் 128 ஜிபி என்று அச்சடித்திருப்பது மெமரி. அதே பெட்டியில் அதற்குப் பக்கத்தில் 6 ஜிபி என்று இருக்கிறதே, அதுவும் மெமரிதான். முதல் இரண்டும் ஒரு சாதி; மூன்றாவது முற்றிலும் வேறு. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்தால் கடைக்காரரும் குழம்புவார், வாங்குகிறவரும் குழம்புவார். அந்தத் தம்பி வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று எனக்கு இப்போது தோன்றவில்லை.

இந்தச் சொல் பழையது. 1945-ல் எட்வாக் என்ற கணினிக்காக எழுதிய வரைவறிக்கையில், எண்களையும் கட்டளைகளையும் வைத்துக்கொள்ளும் பகுதியை மெமரி என்றே குறித்தார் கணித அறிஞர் ஜான் வான் நாய்மன். கணினியின் உறுப்புகளை மனித நரம்புகளோடு ஒப்பிட்டு எழுதிய அறிக்கை அது. பிறகு வந்த எல்லாவற்றுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் தமிழில் நமக்கு இந்தக் குழப்பம் இருந்திருக்க வேண்டியதில்லை. ரேமுக்கு நினைவகம், ஸ்டோரேஜுக்குச் சேமிப்பகம் என்று பாடப்புத்தகம் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் கடையில் போய் நினைவகம் என்றால் யாருக்கும் விளங்காது. மாமாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "நினைவகமா? காமராசர் பொறந்த வீட்டச் சொல்றியா பாப்பா?" என்றார். எங்கள் ஊர் விருதுநகர். அவர் கேட்டதில் தப்பில்லை.

மாமாவின் பரோட்டாக் கடை

விருதுநகர் என்றால் எண்ணெயில் பொரித்தெடுக்கும் பரோட்டா. மாமாவுக்கும் அதே தொழில்தான். கல்லூரி விட்டு வந்ததும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கல்லாவில் உட்காருவது நான். அங்கிருந்து பார்த்தால் மாஸ்டர் நிற்கும் இடம் நேரே தெரியும். ஏதோ ஒரு கூட்டமான ஞாயிற்றுக்கிழமையில்தான் ஐந்து மதிப்பெண் விடை எனக்கு உயிரோடு கண்ணில் பட்டது.

கடைக்குப் பின்னால் சந்தில் ஒரு குடோன் இருக்கிறது. மைதா மூட்டை, எண்ணெய் டின், வெங்காயம் எல்லாம் அங்கே. மாஸ்டருக்கு முன்னால் ஒரு மேடை. பிசைந்த மாவு, எண்ணெயில் ஊறும் உருண்டைகள், வீசிச் சுற்றி வைத்தவை என்று அப்போதைக்கு வேண்டியது மட்டும் அதில் இருக்கும். மாஸ்டரின் கை எட்டும் தூரம் அந்த மேடைதான். குடோனில் பத்து மூட்டை மைதா இருந்தாலும் மேடைக்கு வராத மாவில் அவரால் ஒரு பரோட்டாகூடப் போட முடியாது.

மாஸ்டர் என்பது பிராசஸர், கட்டளைகளைப் படித்து வேலையைச் செய்யும் பகுதி. மேடை ரேம். குடோன் ஸ்டோரேஜ்.

போனில் ஒரு ஆப்பைத் தொடுகிறோம். குடோனில் கிடக்கும் அந்த ஆப்பின் கட்டளைகளும், அதற்கு வேண்டிய படங்களும் எழுத்துகளும் ரேம் என்ற மேடைக்கு வந்தாக வேண்டும். வந்த பிறகுதான் பிராசஸர் அவற்றைத் தொடும். நாம் திறக்கும் நேரம் என்று நினைத்துக் காத்திருப்பதில் பெரும்பகுதி இந்தச் சுமை ஏற்றி இறக்கும் நேரம்தான். மேடை சின்னதாக இருந்தால், புதிதாக ஒன்று வரும்போது பழையதை ஒதுக்க வேண்டும். அம்மாவின் போனில் ரேம் 2 ஜிபி. ஆண்ட்ராய்டு தனக்கென்று எடுத்துக்கொண்டதுபோக மிஞ்சிய இடத்தில் வாட்ஸ்அப், யூடியூப் என்று ஒவ்வொன்றும் மற்றதைத் தள்ளிவிட்டுத்தான் உட்கார முடியும். தள்ளப்பட்டது மறுபடி வர வேண்டுமென்றால் குடோனிலிருந்து முதலில் இருந்து வர வேண்டும். அந்த நேரத்தில் கடைக்காரத் தம்பி செய்தது என்ன? குடோனுக்குப் பக்கத்தில் இன்னொரு குடோன் கட்டிக் கொடுத்தார். மேடை அதே மேடை.

போனில் ரேமைக் கூட்ட முடியாதா என்று அம்மா கேட்டார். முடியாது. அது உள்ளே போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது. வாங்கும்போது இருந்ததுதான் கடைசிவரை. அதனால்தான் போன் வாங்கும்போது பெட்டியில் உள்ள இரண்டு எண்களில் சின்ன எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பெரிய எண்ணைக் கார்டாலோ பென்டிரைவாலோ பிறகு ஈடுகட்டிக்கொள்ளலாம்.

இந்த உவமை ஓரிடத்தில் உடையும், அதையும் சொல்லிவிடுகிறேன். குடோனிலிருந்து ஒரு மூட்டை எடுத்தால் குடோனில் ஒரு மூட்டை குறையும். கணினியில் குறையாது. மேடைக்கு வருவது நகல். ஒரு கடிதத்தைத் திறந்து பத்து வரி மாற்றினால், மாறியது மேடையில் உள்ள நகல் மட்டும். குடோனில் பழைய கடிதம் அப்படியே கிடக்கும். சேவ் பொத்தானை அழுத்தும்போதுதான் மேடையில் உள்ளது குடோனுக்குப் போய்ப் பழையதன் இடத்தைப் பிடிக்கிறது. இது புரிந்த அன்று, சேவ் என்று ஒரு பொத்தான் ஏன் இருக்க வேண்டும் என்ற என் பள்ளிக்காலச் சந்தேகமும் தீர்ந்தது. எழுதியது எழுதியதுதானே, அதை ஏன் தனியாக வேறு சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

ஒரு பைட், ஒரு குறள், ஒரு ரோஜாப்பூ

ஜிபி, எம்பி என்று சொல்கிறோமே, அது எவ்வளவு? வகுப்பில் சொன்னார்கள்: எட்டு பிட் ஒரு பைட், 1024 பைட் ஒரு கேபி, 1024 கேபி ஒரு எம்பி, 1024 எம்பி ஒரு ஜிபி. மனப்பாடம் ஆகும், மனதில் நிற்காது. நான் தமிழில் எண்ணிப் பார்த்தேன்.

இன்று இணையத்தில் தமிழை எழுதும் வழக்கமான முறையான யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் பிடிக்கும். குறி என்றேன், எழுத்து என்று சொல்லவில்லை. ஏனென்றால் கணினிக்குப் புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள். அம்மா என்ற சொல்லில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து. ஆக அம்மா 15 பைட். ஆங்கிலத்தில் அதே சொல்லை நாலு எழுத்தில் அடித்தால் 4 பைட்தான். தமிழுக்கு ஏன் இந்தத் தண்டம் என்று கோபப்பட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

திருக்குறளின் முதல் குறளை எண்ணினேன். 39 குறிகள், சொற்களுக்கு நடுவே 6 இடைவெளிகள். மொத்தம் 123 பைட். மற்ற குறள்களுக்குச் சராசரியாக 150 பைட் என்று தாராளமாக வைத்தாலும் 1330 குறளும் சேர்ந்து 2 லட்சம் பைட்டைத் தொடாது. அதாவது 200 கேபிக்குள் முழுத் திருக்குறளும் அடங்கிவிடும். பெரியப்பா தினமும் காலையில் குடும்ப குரூப்பில் அனுப்பும் ரோஜாப்பூ காலை வணக்கப் படம் ஒன்று ஏறக்குறைய அவ்வளவு எடை இருக்கும். போன் கேமராவில் நேராக எடுத்த படமென்றால் 3, 4 எம்பி. அதில் பதினைந்து இருபது திருக்குறளை வைக்கலாம். இடத்தை அடைப்பது தமிழ் இல்லை, படங்களும் அவற்றைவிட வீடியோக்களும்.

அந்தக் குறள் கணக்கு எனக்கு இன்னொரு விதத்திலும் உதவியது. 1970-ல் இன்டெல் வெளியிட்ட 1103 என்ற சிப்தான் சந்தையில் வெற்றி பெற்ற முதல் டைனமிக் ரேம், அதாவது இன்று நம் போனிலும் கணினியிலும் மேடையாக இருக்கும் ரேம் வகை. அதன் கொள்ளளவு 1024 பிட், அதாவது 128 பைட். முதல் குறளை இன்றைய முறையில் அதில் எழுதினால் 5 பைட் மீதி இருக்கும். ஒரு சிப், ஒரு குறள். இன்று 8 ஜிபி ரேம் என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகிறோம்.

ஓட்டைப் பானை

ரேமில் உள்ளது மின்சாரம் நின்றால் ஏன் போய்விடுகிறது? பாடப்புத்தகத்தில் போய்விடும் என்றுதான் இருந்தது. ஏன் என்று இல்லை. கணினி ஆய்வகத்தில் ஒரு நாள் கரண்ட் போனது. முக்கால் மணி நேரம் அடித்த என் ரெக்கார்டு புரோகிராம் போனது. சேவ் செய்யவில்லை, தப்பு என்னுடையதுதான். மேமிடம் புலம்பப் போய்த்தான் காரணம் கிடைத்தது.

ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கி. அதில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. திறந்து மூட ஒரு டிரான்சிஸ்டர். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, அவ்வளவுதான் ஒரு பிட். இந்த எளிய அமைப்பை 1966-ல் யோசித்தவர் ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்ட். எளிமையாக இருப்பதால் நெருக்கமாக அடுக்கலாம், விலையும் குறையும். ஆனால் அந்த மின்தேக்கி ஓட்டைப் பானை. ஊற்றியது கசிந்துகொண்டே இருக்கும். விட்டால் 1 என்று வைத்தது கொஞ்ச நேரத்தில் 0 ஆகிவிடும். அதனால் கணினி ஓடும் நேரமெல்லாம் ஒவ்வொரு பானையையும் எட்டிப் பார்த்து, நீர் இருந்தால் மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்கிறது. வழக்கமாக 64 மில்லி நொடிக்குள் எல்லாப் பானைகளையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிட வேண்டும். 8 ஜிபி ரேமில் பானைகளின் எண்ணிக்கை 6,800 கோடிக்கும் மேல். நொடிக்குப் பதினைந்து தடவை, அத்தனையையும். நாம் ஒன்றுமே செய்யாமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் உள்ளே இந்தத் தண்ணீர் ஊற்றும் வேலை நடந்துகொண்டேதான் இருக்கும்.

கரண்ட் போனால் ஊற்ற ஆள் இல்லை. என் ரெக்கார்டு கசிந்துவிட்டது.

ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கடை சாத்தும்போது மேடையைச் சுரண்டிக் கழுவிவிடுவார்கள். மிஞ்சிய மாவை ஃபிரிட்ஜில் வைக்க மறந்தால் அதுவும் போச்சு. குடோனில் உள்ள மூட்டைக்கு ஒன்றும் ஆகாது. குடோனைப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம், ஊற்றிக்கொண்டிருக்க ஆள் தேவையில்லை.

சுழலும் தட்டு

குடோனில் இரண்டு வகை உண்டு. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன்.

சித்தப்பா மகன் வேலைக்குப் போனதும் தன் பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்தான். ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தால்தான் மவுஸ் அசையும். சர்வீஸ் கடையில், "பிராசஸர் பழசும்மா, புதுசு வாங்கிருங்க, எக்ஸ்சேஞ்ச் போட்டுத் தர்றேன்" என்றார்கள். வாங்குவதற்கு முன்னால் மேமிடம் கேட்டேன். அவர் சொன்னது ஒன்றுதான்: "டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தியா?" கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும். பிராசஸர் 15 சதவீதம் வேலையில் இருந்தது. டிஸ்க் 100 சதவீதம்.

மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், குடோனுக்குப் போன பையன் இன்னும் திரும்பவில்லை. இதற்கு மாஸ்டரை மாற்றி என்ன பயன்?

ஹார்ட் டிஸ்க் என்பது நிஜமாகவே சுழலும் தட்டு. என் லேப்டாப்பில் இருந்தது நிமிடத்துக்கு 5400 சுற்று. ஒரு தகவல் வேண்டுமென்றால் படிக்கும் முனை அந்தத் தடத்துக்கு நகர வேண்டும், பிறகு தட்டு சுழன்று சரியான இடம் முனைக்கு அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி ஆகிறது. சராசரியாக அதில் பாதி காத்திருப்பிலேயே கழியும். 1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் வட்டு இயந்திரமும் இதே தத்துவம்தான்: 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், மொத்தமும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகள். இன்றைய போன் படம் ஒன்றின் எடை. தட்டு சின்னதாயிற்று, கொள்ளளவு பல லட்சம் மடங்கு கூடிற்று. ஆனால் இரும்பு நகர வேண்டும், தட்டு சுழல வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

இரண்டாவது வகைக் குடோன் எஸ்எஸ்டி. அதில் அசையும் பாகம் எதுவும் கிடையாது. போனுக்குள் இருப்பதும், மெமரி கார்டும், பென்டிரைவும் அதே குடும்பம்தான். ஃப்ளாஷ் என்று பெயர். தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கி 1984-ல் அறிவித்தது. இதிலும் மின்னூட்டம்தான் பிட். ஆனால் சுற்றிலும் மின்கடத்தாப் பொருளால் அடைத்து வைத்திருப்பதால் கசிவது மிக மிக மெது. வருடக்கணக்கில் நிற்கும்.

வேக வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு. ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஏறத்தாழ 100 நேனோ நொடி ஆகும். எஸ்எஸ்டியில் 100 மைக்ரோ நொடி. ஹார்ட் டிஸ்கில் 10 மில்லி நொடி. இந்த எண்கள் யாருக்கும் ஒன்றும் சொல்லாது. ரேம் வேலையை 1 நொடி என்று நீட்டி வைத்துப் பாருங்கள். மேடையிலிருந்து ஓர் உருண்டையை எடுக்க மாஸ்டருக்கு 1 நொடி. எஸ்எஸ்டி குடோனுக்குப் போய் வர 17 நிமிடம். ஹார்ட் டிஸ்க் குடோனுக்கு 28 மணி நேரம்! பரோட்டா கேட்டவர் ஊருக்குப் போய் மறுநாள் திரும்பி வந்துவிடலாம். எஸ்எஸ்டியும் மேடைக்கு ஈடு இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் 28 மணி நேரம் 17 நிமிடமாகக் குறைந்தால் அது வேறு கடை.

256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி மாட்டினேன். புது லேப்டாப் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இப்போது டீ போட நேரம் இல்லை. பழைய கணினியில் சுழலும் தட்டு இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், ரேமைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்பது என் கட்சி. என் வகுப்புத் தோழி ஒருத்தி இதை ஒத்துக்கொள்ள மாட்டாள். 4 ஜிபியை 8 ஆக்குவதுதான் முதல் வேலை என்பாள். பிரவுசரில் முப்பது டேப் திறந்து வைப்பவள் அவள். அவள் சொல்வது அவளுக்குச் சரி.

அந்த எஸ்எஸ்டி மிதப்பில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்று உண்டு. அடுத்த மாதமே ரேமையும் கூட்டுவோம் என்று ஆன்லைனில் 4 ஜிபி குச்சி ஒன்று வாங்கினேன். வந்தது டிடிஆர்4. என் லேப்டாப்புக்கு வேண்டியது டிடிஆர்3. இரண்டிலும் அடியில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் சொருகவே முடியாது. தப்பாகச் சொருகி எரித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வெட்டு. திருப்பி அனுப்பும் நாளும் தாண்டிவிட்டது. மேசை டிராயரில் கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமா?

எஸ்எஸ்டி வாங்கும்போது ஒன்றுக்குப் பயப்பட வேண்டாம். 500 ஜிபி என்று போட்டிருப்பதை மாட்டினால் விண்டோஸில் 465 ஜிபி என்றுதான் காட்டும். யாரும் திருடவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார், விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998-லேயே 1024 கணக்குக்கு ஜிபிபைட் (gibibyte) என்று தனிப் பெயர் வைத்தார்கள். கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்ட ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் முந்நூறு ரூபாய்க்கு 2 டிபி, அதாவது ஏறத்தாழ 2000 ஜிபி, பென்டிரைவ் என்று வந்தால் அது திருட்டேதான். உள்ளே இருப்பது சில ஜிபி. தன்னை 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் சிப்பை மாற்றி வைத்திருப்பார்கள். நிரம்பிய பிறகு போடுவதெல்லாம் காணாமல் போகும்.

அம்மா செய்ததில் பாதி சரி

இவ்வளவும் படித்த பிறகு அம்மாவிடம் போய், படத்தை அழித்தால் வேகம் கூடாது, படம் இருப்பது குடோனில், திணறுவது மேடையில் என்று பெரிதாக விளக்கினேன். பிறகு மேலும் படித்தபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. அம்மா செய்தது முழுத் தப்பு இல்லை.

ஃப்ளாஷில் ஒரு வினோதம் உண்டு. அதைச் சிலேட்டுகளின் அடுக்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். காலி வரி இருந்தால் எழுதலாம். ஆனால் ஒரு வரியை மட்டும் அழிக்க முடியாது. அழித்தால் முழுச் சிலேட்டையும்தான் துடைக்க வேண்டும். ஆகவே ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் போன் புதிய வரியை வேறொரு காலிச் சிலேட்டில் எழுதிவிட்டு, பழையது செல்லாது என்று குறித்துவைக்கும். பிறகு ஓய்வு நேரத்தில், செல்லும் வரிகளை மட்டும் வேறு சிலேட்டுக்கு நகலெடுத்துவிட்டுப் பழைய சிலேட்டைத் துடைக்கும். காலிச் சிலேட்டுகள் நிறைய இருக்கும்வரை இது நமக்குத் தெரியாமல் நடக்கும். ஃப்ளாஷ் என்ற பெயருக்கே காரணம் இந்த மொத்தத் துடைப்புதான். அது கேமரா ஃப்ளாஷ் வெட்டுவதை நினைவூட்டுகிறது என்று மசுவோகாவின் சக ஊழியர் ஒருவர் வைத்த பெயர்.

அம்மாவின் 16 ஜிபி போனில் காலியாக இருந்தது சில நூறு எம்பி. ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்து உட்காரக்கூடப் போன் சிலேட்டுகளை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டியிருந்திருக்கும். மேடையும் சின்னது, குடோனும் நெரிசல். படங்களை அழித்ததில் இரண்டாவது கொஞ்சம் சரியானது, முதலாவது ஆகவில்லை. அழிக்காமல் அந்தப் புதுக் கார்டுக்கு நகர்த்தியிருந்தால் கல்யாணப் படங்களும் தப்பியிருக்கும். கார்டு கையிலேயே இருந்தது, அதை எதற்கு வாங்கினோம் என்பதுதான் தெரியவில்லை.

எட்டும் எட்டும் பதினாறு

போன தீபாவளிக்கு முன்னால் மாமா போன் மாற்ற வேண்டும் என்றார். ஒரு விளம்பர நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதில் கொட்டை எழுத்தில் 16 ஜிபி ரேம் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி, கீழே எறும்பு எழுத்தில் 8+8 என்று இருந்தது.

இந்தக் கூட்டல் இப்போது பல போன்களில் வருகிறது. முதல் எட்டு நிஜ ரேம். இரண்டாவது எட்டு ஸ்டோரேஜிலிருந்து ஒதுக்கி எடுத்தது. ரேமில் இடம் போதாதபோது, அப்போதைக்கு வேண்டாததை அந்த ஒதுக்கிய இடத்துக்கு மாற்றி வைத்துக்கொள்ளும். தந்திரம் புதிதல்ல. விண்டோஸ் காலங்காலமாக இதைச் செய்கிறது. என் பழைய லேப்டாப்பின் டிஸ்க் 100 சதவீதத்தில் ஓடியதற்கு ஒரு காரணமும் இதுதான். 4 ஜிபி மேடை நிரம்பி, பாதி பிசைந்த மாவை 28 மணி நேரக் குடோனுக்கு அனுப்பியும் திரும்ப வாங்கியும் அல்லாடிக்கொண்டிருந்தது அது. போனில் உள்ளது ஃப்ளாஷ் என்பதால் அவ்வளவு மோசமில்லை. பின்னணியில் நாலு ஆப் கூடுதலாக மூடாமல் நிற்கும், அது உண்மை. ஆனால் மேடையிலிருந்து 1 நொடி, அங்கிருந்து 17 நிமிடம் என்ற கணக்கை வைத்துப் பார்த்தால் எட்டையும் எட்டையும் கூட்டுவது ரூபாயையும் பைசாவையும் கூட்டுவது போலத்தான்.

இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, "மாமா, ஒரு எட்டு மேடையில இருக்கு, இன்னொரு எட்டு குடோன்ல இருக்கு. ரெண்டையும் சேத்துப் பதினாறுன்னு போட்டிருக்காங்க" என்றேன்.

மாமா நோட்டீஸைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். பிறகு சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அதாவது, மேடை பத்தலைன்னா குடோனுக்குள்ள ஒரு பலகையப் போட்டு, உருட்டுன மாவ அங்க கொண்டுபோயி வையின்னு சொல்றான்."

"அதேதான் மாமா."

"நாம ஆடிப் பெருக்கு அன்னிக்கு அப்படித்தான செஞ்சோம். பையன் நடந்தே செத்தான்."

ஒரு வருடம் வகுப்பில் உட்கார்ந்து நான் எட்டிய இடத்துக்கு அவர் ஒரு நிமிடத்தில் வந்துவிட்டார். கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. மறுநாள் கடைக்குப் போய் அதே போனைத்தான் வாங்கி வந்தார். கேட்டதற்கு, "எட்டு போதும்ல பாப்பா? கேமரா நல்லாருக்கு" என்றார்.